ஒரே கல்யாணம், இரண்டு தேதி

வத்சலாவுக்கு ஒரு நாட்டின் பிறந்த நாள் மனப்பாடம். 1910, மே 31. அன்றைக்குத்தான் கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு ரிவர் என்ற நான்கு பிரிட்டிஷ் காலனிகள் சேர்ந்து தென்னாப்பிரிக்க யூனியன் என்று ஒன்றாயின. ராஜா இங்கிலாந்தில் இருப்பார். சட்டத்தை இவர்களே போட்டுக்கொள்வார்கள். டொமினியன் என்று அதற்குப் பெயர். அந்த யூனியன் பிறந்து நாலு வருஷத்துக்குள் அங்கிருந்த இந்தியர்களைப் படுத்திய பாட்டை, பேர்லினில் உட்கார்ந்து ஆறு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறாள் வத்சலா. சேலத்தில் இருக்கும் அவள் அப்பா, யார் கேட்டாலும் "பொண்ணு ஜெர்மனியில ஆப்பிரிக்கா படிக்கிறா" என்பார். கேட்டவர் முழிப்பார். அவரும் சேர்ந்து முழிப்பார்.

ஆக, நூற்றுப் பதினைந்து வருஷத்துக்கு முந்திய தேதியெல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அதே வீட்டில், அடுத்த அறையில் இருக்கும் துஷானிக்கு எப்போது கல்யாணம் ஆனது என்பது மட்டும் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வினை அங்கேதான் இருந்தது.

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் மூன்றாவது மாடி வீடு அது. இரண்டு அறை, பொதுவாக ஒரு சமையலறை. துஷானி யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரி. முதியோர் பராமரிப்பில் பயிற்சி எடுக்க வந்தவள், மூன்று வருஷத்தில் படிப்பை முடித்து, இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறாள். கணவன் ஜெசிந்தன் ஊரில் பிரதேச சபை அலுவலகத்தில் எழுதுவினைஞன். அவனை இங்கே கூப்பிட்டுக்கொள்வதற்கான அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொழும்பில் ஜெர்மன் தூதரகத்தில் ஒன்பது மாதமாகக் கிடந்தது. துஷானிக்கு முப்பத்திரண்டு வயது முடிந்துவிட்டது. வருஷத்துக்கு மூன்று வாரம் லீவில் ஊருக்குப் போய் வருவதுதான் அவள் குடும்ப வாழ்க்கை. குழந்தை வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கீழ்வீட்டுத் துருக்கிக்காரியின் கைக்குழந்தையை வாங்கினால் திருப்பிக் கொடுக்க அவளுக்கு அரைமணி நேரமாகும்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒருநாள், காலை வேலை முடிந்து வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். கையில் கடிதம், அதோடு இணைத்த மணச் சான்றிதழின் நகல்.

"அக்கா, உங்களுக்கு நேரம் இருக்கோ? இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன். எனக்கு விளங்குது, ஆனால் விளங்கினது சரியோ எண்டு தெரியேல்லை."

துஷானியின் ஜெர்மன் ஒன்றும் மோசமில்லை. பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு முணுமுணுக்கும் தொண்ணூறு வயதுக்காரர்களின் பேச்சே அவளுக்குப் புரியும். ஆனால் அலுவலக ஜெர்மன் என்பது வேறு ஜாதி. ஒரு வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பிடிப்பதற்குள் பக்கம் திரும்பிவிடும்.

வத்சலா வாசித்தாள். நவம்பர் பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு தெர்மின், அதாவது நேரில் வரவேண்டிய நேரம். துஷானியை இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாரிப்பார்கள். அதே நேரத்தில், கொழும்பில் பகல் ஒன்றரை மணிக்கு, ஜெசிந்தனைத் தூதரகத்தில் விசாரிப்பார்கள். ஒரே கேள்விகள், இரண்டு ஊரில். காரணம்: திருமண நிலை பற்றிய பதிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, உண்மையான மண வாழ்க்கை உள்ளதா என்று ஐயம் எழுகிறது.

"என்ன முரண்? உனக்குக் கல்யாணம் 2023ல தானே? ஊருக்குப் போயிட்டு வந்து ஒரு டப்பா நிறைய பலகாரம் குடுத்தியே?"

"ஓம் அக்கா. ஜூன் எட்டு. தாலிகட்டு."

"அப்ப இந்த சர்டிஃபிகேட் காப்பியில ஏன் 2021 ஜனவரி 22ன்னு போட்டிருக்கு?"

"அது எழுத்து அக்கா," என்றாள் துஷானி, இதையும் கேட்க வேண்டுமா என்கிற மாதிரி.

பதிவாளரை வரவழைத்துக் கையெழுத்துப் போடுவதை யாழ்ப்பாணத்தில் எழுத்து என்பார்கள். பல குடும்பங்களில் எழுத்துத்தான் முதலில் வரும். வெளிநாட்டு அலுவல் ஏதாவது இருந்தால் இன்னும் முந்தி வரும். எழுத்து முடிந்த மறுநாளும் பெண் தன் வீட்டில்தான் இருப்பாள், பையன் தன் வீட்டில்தான் இருப்பான். சட்டப்படி புருஷன் பெண்டாட்டி. ஊர்க்கண்ணில் இன்னும் இல்லை. மாதம் கழிந்தோ வருஷம் கழிந்தோ, நல்ல நாள் பார்த்து, கூறை உடுத்தித் தாலி ஏறிய பிறகுதான் யாரும் 'கலியாணம் முடிந்தது' என்று சொல்வார்கள். துஷானிக்கு எழுத்து நடந்தது கொரோனாக் காலத்தில். மண்டபத்தில் ஆள் சேரக்கூடாது என்று சட்டம். பயிற்சி விசாவுக்கு அவள் விண்ணப்பித்தது அதற்கும் முந்திய நவம்பரில். அப்போது அவள் எல்லா வகையிலும் தனியாள். விண்ணப்பம் கொழும்பில் தூங்கிக்கொண்டிருந்த மாதங்களில், பெண் தூரதேசம் போகப்போகிறாளே என்று இரண்டு வீட்டாரும் எழுத்தை முடித்து வைத்தார்கள்.

சேலத்துப் பக்கம் எல்லாம் தலைகீழ். முதலில் தாலி. பிறகு, பாஸ்போர்ட்டுக்கோ பேங்குக்கோ தேவைப்பட்டால், கல்யாண போட்டோவையும் பத்திரிகையையும் தூக்கிக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீஸ். தாலி ஏறாத பெண் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கிறாள் என்றால், அவள் வீட்டை எதிர்த்து ஓடியவளாக இருக்க வேண்டும். வத்சலாவின் மண்டைக்குள் இருந்தது இந்தக் கணக்கு மட்டும்தான்.

இப்போது அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. 2021 செப்டம்பர். துஷானி வந்து இறங்கி மூன்றாம் நாள். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று நகர அலுவலகத்தில் பதியவேண்டும். அந்தப் படிவத்தை இதே மேசையில் வைத்து நிரப்பிக் கொடுத்தவள் வத்சலா. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். "இன்னும் இல்லை அக்கா," என்று சொல்லித் துஷானி வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தைப் பார்த்து, பையன் பார்த்திருக்கிறார்கள் போல என்று வத்சலா கேலிகூடச் செய்தாள். மணமாகாதவர் என்ற கட்டத்தில் அழகாக ஒரு குறி போட்டாள். கையெழுத்துத் துஷானி போட்டாள். இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை.

அந்தக் குறிதான் இத்தனை நாள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்து, இப்போது எழுந்து வந்து நிற்கிறது. சான்றிதழ்ப்படி 2021 ஜனவரியில் கல்யாணமானவள், அதே வருஷம் செப்டம்பரில் மணமாகாதவள். நாலு வருஷம் கழித்து, கணவனைக் கூப்பிடும் அன்ட்ராக்கில், மணநாள் என்ற இடத்தில் 2023 ஜூன் எட்டு என்று தன் கைப்பட எழுதியிருக்கிறாள். ஜெசிந்தன் சான்றிதழை இணைத்து ஜனவரி 22 என்று எழுதியிருக்கிறான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? இந்த இரண்டு பேருக்கும் கல்யாணமே நடக்கவில்லை, யாரோ ஏஜெண்ட் பேப்பர் செய்து கொடுத்திருக்கிறான் என்றுதான் தோன்றும்.

இதில் கொடுமை என்னவென்றால், எது கல்யாணம் என்பதைப் பற்றியே எண்பது பக்கம் எழுதியவள் வத்சலா. அவள் ஆய்வில் நாலாவது அத்தியாயம் அதுதான். 1913ல், யூனியன் பிறந்து மூன்றே வருஷத்தில், கேப் மாகாணத்தில் குடியிருந்த ஓர் இந்தியர், ஊருக்குப் போய்த் தம் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். அவளைக் கப்பலிலிருந்து இறங்க விடவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. பல மனைவியரை அனுமதிக்கிற மதங்களின் முறைப்படி நடந்த திருமணம் இந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணமே அல்ல என்று தீர்ப்பு வந்தது. ஒரே நாளில் அந்த நாட்டில் இருந்த இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் எல்லோருடைய மனைவிமாரும் மனைவியர் அல்லாமல் போனார்கள். நான்கு காலனிகள் ஒன்றாகி ஒரு நாடான பிறகும், இந்தியர்களுக்கு மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அனுமதி வேண்டியிருந்தது. வீட்டுக்குள் அவர்கள் என்னவாக இருக்கிறார்கள் என்பதையும் அந்த நாடே சொன்னது. இப்படியெல்லாம் கருத்தரங்குகளில் பேசிக் கைதட்டு வாங்கியவள், எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் "ரிஜிஸ்டர் ஆயிருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

"தப்பு என்னுது, துஷானி," என்றாள்.

"விடுங்கோ அக்கா. நான் சொன்னதைத்தானே எழுதினனீங்கள்." துஷானி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "இப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒரு திகதியைச் சொன்னால் சரிதானே? எதைச் சொல்லுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ. நான் இண்டைக்கே இவருக்குச் சொல்லி வைக்கிறன்."

அந்த நிமிஷத்தில் வத்சலா "சரி, ஜனவரியைச் சொல்லுங்க" என்றோ "ஜூனைச் சொல்லுங்க" என்றோ ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும். வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மளிகைக்கடைச் சிறீதரன் அண்ணையிடம் கேட்டிருந்தால், பழப்புளிப் பொட்டலத்தை எடுத்துப் போட்டுக்கொண்டே சொல்லியிருப்பார். ஆனால் துஷானி கேட்டது படித்த அக்காவிடம். படித்த அக்காவுக்குப் பழைய கோப்புகள் நினைவுக்கு வந்தன.

"அதை மட்டும் பண்ணிடாதீங்க," என்றாள் வத்சலா, கையைத் தூக்கி. "நான் எத்தனை ஃபைல் பாத்திருக்கேன் தெரியுமா? அந்தக் காலத்திலயும் இப்படித்தான். புருஷனை ஒரு ரூம்ல, பொண்டாட்டிய ஒரு ரூம்ல வெச்சு கேள்வி கேப்பாங்க. ரெண்டு பேரும் அச்சடிச்ச மாதிரி ஒரே பதிலச் சொன்னா ஆபீசருக்கு சந்தேகம் வந்துடும். மார்ஜின்ல எழுதுவான், 'சொல்லிக்கொடுக்கப்பட்டவள்'னு. அவ்வளவுதான், கதை முடிஞ்சது. திருப்பி அனுப்பிடுவாங்க."

துஷானி பயந்துபோய்ப் பார்த்தாள்.

"அதோட, 'இதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா'ன்னு இவங்களே கேப்பாங்க. அப்ப பொய் சொல்லுவியா? உனக்குத் தெரிஞ்ச உண்மைய நீ சொல்லு. அவருக்குத் தெரிஞ்சத அவர் சொல்லட்டும். எழுத்து, தாலி ரெண்டையும் விளக்கிச் சொன்னா அவங்களுக்குப் புரியும். நாம ஒளிக்க ஒண்ணுமே இல்லையே."

சொல்லும்போது அவளுக்கு நிறைவாகவே இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆறு வருஷ ஆராய்ச்சி முதன்முதலாக ஒரு மனுஷிக்கு உபயோகப்படுகிறதே என்று நினைத்தாள்.

அன்று மாலையே ஜெசிந்தனைக் கூப்பிட்டு, போனை மேசையில் வைத்து, அவனுக்கும் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"விளங்குது அக்கா. நான் கந்தோர்க்காரன், ஒபிஸ் கடுதாசியோடை பழகினவன். சட்டப்படி பாத்தால் எழுத்துத்தான் கலியாணம். கேட்டால் நான் எழுத்துத் திகதியைத்தான்..."

"ஐயோ, எனக்கென்னெண்டால் தாலி..." என்று துஷானி குறுக்கிட்டாள்.

"போதும், நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்றாள் வத்சலா. "இதைத்தானே வேண்டாம்னேன். பதினெட்டாம் தேதி முடியற வரைக்கும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாது. சரியா?"

"ஓம் அக்கா," என்றான் ஜெசிந்தன். "ஓம் அக்கா," என்றாள் துஷானி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பதினொரு நாள். தினமும் வேலை முடிந்து வந்து துஷானி அவனோடு பேசுவது சுவருக்கு அப்பால் கேட்கும். மழையைப் பற்றிப் பேசினார்கள். அவன் அம்மாவின் சர்க்கரை நோயைப் பற்றி, மதிலில் சாய்ந்த முருங்கையைப் பற்றி, அடைக்கு வைத்த கோழியைப் பற்றிப் பேசினார்கள். கல்யாணத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. நடுவில் ஏதாவது பேச்சு அந்தப் பக்கம் சரிந்தால் இரண்டு பேரும் சட்டென்று மழைக்குத் திரும்பிவிடுவார்கள். வத்சலாவுக்கு அது கேட்கும். நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வாள்.

பதினெட்டாம் தேதி வத்சலாவும் கூடப் போனாள். உள்ளே விடவில்லை, எதிர்பார்த்ததுதான். கடும் முகம் யாரும் காட்டவில்லை. ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண் அதிகாரி வந்து, துஷானியின் பெயரைத் தப்பில்லாமல் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு அழைத்துக்கொண்டு போனாள். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் உள்ளே இருந்தார். கோபித்துக்கொள்ளக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை. வத்சலா வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, நாலாவது அத்தியாயத்தின் அடிக்குறிப்புகளைச் சரிபார்க்க எடுத்தாள். இரண்டு மணி இருபது நிமிஷத்தில் ஒரு குறிப்புக்கூட நகரவில்லை.

துஷானி வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. பரீட்சை நன்றாக எழுதிய பிள்ளையின் முகம்.

"எல்லாம் கேட்டவை அக்கா. அவரின்ரை தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி, ஆர் அதிகம் நித்திரை கொள்ளுறது, அவரின்ரை தங்கச்சியின்ரை பேர், எல்லாம். டக்குடக்கெண்டு சொல்லிப்போட்டன்."

"தேதி?"

அவர்கள் கட்டடத்துக்கு வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார்கள். துஷானி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். உள்ளூர ஒரு பெருமை இருந்தது அதில்.

"நான் எழுத்துத் திகதியைத்தான் சொன்னனான். ஜனவரி இருபத்திரண்டு. இவர் கந்தோர்க்காரன் அக்கா, இவர் அதைத்தான் சொல்லுவார் எண்டு அண்டைக்கே விளங்கினது. நான் ஜூன் எண்டு சொன்னால் இவர் பொய் சொன்ன மாதிரிப் போயிடும். பிறகு விசா குடுக்காயினம். ஜூனிலை நடந்தது சும்மா ஒரு கொண்டாட்டம், சாப்பாடு குடுத்தது, வேறை ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்." கழுத்துக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அதைச் சொல்லேக்கைதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. பரவாயில்லை, அம்மன் கோவிக்க மாட்டா."

வத்சலா அவள் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் துஷானியின் போன் அடித்தது. ஜெசிந்தன்தான். துஷானி சிரித்துக்கொண்டே, வத்சலாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்பிடி, முடிஞ்சுதோ?" என்றான் ஜெசிந்தன். கொழும்பின் ஹார்ன் சத்தம் பின்னால் இரைந்தது. "எனக்கும் இப்பத்தான் முடிஞ்சது. நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும். உமக்கு ஒரு பிரச்சினையும் வராமல் நான் சொல்லிப்போட்டன்."

"என்னெண்டு?"

"ஜூன் எட்டு எண்டுதான் சொன்னனான். நீர் ஃபோமிலை அப்பிடித்தானே எழுதினனீர். நான் ஜனவரி எண்டு சொன்னால், அங்கை நீர் பொய் எழுதினதெண்டு உம்மிலையெல்லோ பிடிப்பாங்கள், வேலைக்கும் ஆபத்து. அதாலை எழுத்து வெறும் கடுதாசி, எங்கடை ஆக்கள் அதைக் கலியாணமாக எடுக்கிறேல்லை எண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டன். அந்த ஓபிசர் ரெண்டு தரம் கேட்டவர். ரெண்டு தரமும் அதைத்தான் சொன்னனான். ... ஹலோ? துஷா? கேக்குதோ?"

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் ஏறாததைப் பார்த்து ஓட்டுநர் கதவை மூடிக்கொண்டு போனார்.

"கேக்குது," என்றாள் துஷானி.

தான் ஜனவரியைச் சொன்னதை ஒரே வரியில் சொன்னாள். அங்கே அவனுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரமாயிற்று. இரண்டு நாட்டுக்கும் இடையில் அந்த போன் திறந்தபடியே இருந்தது, கொழும்பின் ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு.

வத்சலா அங்கிருந்து ஓடினாள். நிஜமாகவே ஓடினாள். கட்டடத்துக்குள் போய், காவலரிடம் கெஞ்சி, அந்தப் பெண் அதிகாரியைப் பிடித்துவிட்டாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள்: எழுத்து, தாலி, யாழ்ப்பாணம், சேலம், தான் போட்ட குறி, ஒருவரையொருவர் காப்பாற்றப் போய் இருவரும் மாற்றிச் சொன்னது. அதிகாரி முழுவதையும் கேட்டாள். அவள் கண்ணில் இரக்கம் இருந்ததை வத்சலா பார்த்தாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இருவரும் தங்கள் பதிலை வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்," என்றாள் அதிகாரி. "நீங்கள் இப்போது சொல்வதை நான் நம்பலாம். ஆனால் விசாரணை முடிந்த பிறகு, பதில்கள் பொருந்தவில்லை என்று தெரிந்துகொண்டு சொல்லப்படும் விளக்கம் இது. எழுத்தில் கொடுங்கள், கோப்பில் சேர்க்கிறேன்."

எழுத்தில் கொடுத்தாள். நாலு பக்கம், பதினோரு அடிக்குறிப்பு. பேராசிரியரின் கையெழுத்தையும் வாங்கினாள். தமிழ்நாட்டு வழக்கத்தை ஒரு பத்தியில், யாழ்ப்பாண வழக்கத்தை ஒரு பத்தியில் எழுதி, 1913 வழக்கை மட்டும் எழுதிவிட்டுப் பிறகு கோடு போட்டு அடித்துவிட்டாள். குறியைப் போட்டது நான் என்று தடித்த எழுத்தில் எழுதினாள். பத்து நாள் கழித்து ஒரு வரி பதில் வந்தது: தங்கள் கடிதம் பெறப்பட்டது; பதிவுப் படிவத்தில் உள்ள தகவலுக்குக் கையெழுத்திட்டவரே பொறுப்பு.

துஷானி ஒருநாளும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. வழக்கம்போலப் புட்டு அவித்தால் வத்சலாவுக்கும் ஒரு பங்கு மூடி வைத்துவிட்டுப் போவாள். ஒரு தடவையாவது சண்டை போடமாட்டாளா என்று வத்சலா ஏங்கினாள். சுவருக்கு அப்பால் இப்போது எந்தத் தடையும் இல்லாமல் அவர்கள் எதைப் பற்றியும் பேசலாம். ஆனால் பேச்சுக் குறைந்துபோயிருந்தது. ஒருநாள் துஷானி கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது: "நீங்கள் ஏன் அதைக் கடுதாசி எண்டு சொன்னனீங்கள்?" அவன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. "நானும் சொன்னனான்தான்," என்றாள் பிறகு.

ஜனவரி மூன்றாம் வாரம் முடிவு வந்தது. ஜெசிந்தன் படம் பிடித்து அனுப்பியிருந்தான். மத்தியான வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில், கோட்டு ஒரு கையில் ஏறியும் ஏறாமலும், துஷானி போனை வத்சலாவிடம் நீட்டினாள். வத்சலா வாசித்தாள். மூன்று பக்கம். அதில் வேண்டியது ஒரு வாக்கியம்தான். தமிழாக்கிச் சொன்னாள்; வேறு எந்த உதவியும் அவளால் செய்ய முடியாது, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று ஒரு சொல்லையும் மழுப்பாமல் சொன்னாள்.

"'மணமக்களில் ஒவ்வொருவரும், மற்றவர் திருமணம் என்று குறிப்பிடும் நிகழ்வைத் திருமணம் அல்ல என்று வலியுறுத்துவதால், மணவாழ்க்கை நிலவுவதாகக் கருத இயலவில்லை.' அதனால மறுத்திருக்காங்க."

துஷானி தலையாட்டினாள். கேட்டுக்கொண்டதற்கான தலையாட்டல்.

"கோர்ட்டுக்குப் போகலாம்," என்றாள் வத்சலா அவசரமாக. "வக்கீல்கிட்ட பேசிட்டேன். ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகும்ங்கறார். திரும்ப விண்ணப்பிச்சாலும் இந்த ரெண்டு ஸ்டேட்மெண்டும் ஃபைல்ல இருக்கும்ங்கறார். ஆனா பண்ணலாம். நான் கூட இருக்கேன்."

"ஓம் அக்கா."

மற்றக் கையையும் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டாள். பொத்தானைப் போட்டுக்கொண்டே, ஏதோ வழியில் கண்ட ஒன்றைப் பற்றி விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்:

"உங்கடை அந்த ஆபிரிக்காச் சனம், அவையின்ரை கலியாணம் செல்லாது எண்டு கோர்ட் சொன்னாப் பிறகு அவை என்ன செய்தவை?"

வத்சலா இதை நூறு தடவை மேடையில் சொல்லியிருக்கிறாள். இப்போது துஷானியின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பொம்பளைங்க முன்னால வந்தாங்க. நிறைய பேர் தமிழ்ப் பொம்பளைங்க. அனுமதி இல்லாம மாகாண எல்லையத் தாண்டி நடந்தாங்க, ஜெயிலுக்குப் போனாங்க. நிலக்கரிச் சுரங்கத்துல வேலை நின்னுது. கரும்புத் தோட்டத்துல வேலை நின்னுது. அந்த அரசாங்கத்தால ஒண்ணும் பண்ண முடியல. மறு வருஷம் சட்டத்தை மாத்தினாங்க. அவங்க கல்யாணத்தை ஒத்துக்கிட்டாங்க."

"எத்தினை பேர் அக்கா?"

"ஆயிரக்கணக்குல."

துஷானி கடைசிப் பொத்தானைப் போட்டாள். மனசுக்குள் எண்ணிப் பார்க்கிறவள் போல இருந்தது.

"நாங்கள் ரெண்டு பேர்தானே அக்கா," என்றாள். "அதுவும் ஒரு இடத்திலை இல்லை."

இரண்டு மணிக்கு அவள் வேலையில் நிற்கவேண்டும். போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.